ஒரு குடம் நிறைய எத்தனை நொடி

2023 மாசி மாதம், காலை ஐந்தரை மணி. தொட்டிக்குள் கிடந்த ஓஸின் வாயைத் தூக்கிப் பார்த்தேன். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. காதை வைத்துக் கேட்டால் உள்ளே எங்கோ தூரத்தில் களக் களக்கென்று ஒரு சத்தம். கால் மணி நேரம் கழித்து இரண்டு மடக்கு தண்ணீரைத் துப்பியது, செம்மண் நிறத்தில். மறுபடியும் காற்று.

மேல்மலையில் பூம்பாறையைத் தாண்டி இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. 90 வீடு, 360 பேர். பூண்டு, கேரட், உருளை, பீன்ஸ், இதுதான் பிழைப்பு. வழக்கு இன்னும் முடியவில்லை என்பதால் ஊர்ப் பெயரை எழுதவில்லை. கொடைக்கானல் பக்கம் வந்தவர்கள் சாலையோரம் கறுப்பு ஓஸ்கள் கொடிபோல மலையேறிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே சோலைக்குள் ஓர் ஊற்று இருக்கும், அங்கிருந்து மேடு பள்ளம் பார்த்து இழுத்துக்கொண்டு வருவோம். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. தண்ணீர் தன் பாரத்தால் தானே இறங்கி வரும். என் மாமியார் கல்யாணமாகி வந்த காலத்தில் ஓஸ்கூட இல்லை, மூங்கிலைப் பிளந்து தண்ணீர் கொண்டுவந்தார்களாம்.

உறைபனிக் காலத்தில் ஓஸ் உறைந்து நிற்பது வழக்கம். மாசியில் காற்று வந்தால் எங்காவது காட்டுமாடு மிதித்திருக்கும். அப்படி நினைத்துத்தான் நானும் என் கொழுந்தனும் ஓஸ் பிடித்தபடி மேலே ஏறினோம். ஓஸ் எங்கும் உடையவில்லை. ஊற்றுக்குப் போனால் அதன் தலையில் நான்கு சிமெண்ட் உறை இறக்கி, மூடி போட்டு, உள்ளே ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பச்சை வலை கட்டிய வேலிக்கு மேலே, புதிதாகக் கட்டிய காட்டேஜ்களுக்கு ஒரு குழாய் போனது. புல்தரையில் தெளிப்பான் சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கல் பதித்து ஒரு குளம் வேறு. எங்கள் ஊரில் அன்று முகம் கழுவத் தண்ணீர் இல்லை.

இனி எழுதப்போவது அந்தக் காலையிலிருந்து இரண்டரை வருடம் நாங்கள் அலைந்த கதை. எங்கே தவறினோம், எது கைகொடுத்தது என்று மற்ற மலை ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தால் நல்லது. ஏலகிரியோ கொல்லிமலையோ நீலகிரியோ மூணாறோ, எங்கே போனாலும் இதே கதைதான் இப்போது நடக்கிறது.

அந்த நிலம் என் கணவரின் பெரியப்பாவுடையது. யாரும் பிடுங்கவில்லை. பூண்டு விலை விழுந்த வருடம், கடைசி மகள் கல்யாணத்துக்காக விற்றார். "பண்ணை வீடு" என்றுதான் சொல்லி வாங்கினார்கள். முதலில் ஒரு வீடு எழும்பியது. அப்புறம் பக்கத்தில் இரண்டு, பிறகு ஆறு. சாலைக்கு ஒரு வளைவு, இரவில் விளக்கு, சனி ஞாயிறு பாட்டு. பெரியப்பாவிடம் ஊரே சண்டைக்குப் போனது. அவர் திண்ணையில் உட்கார்ந்து, "நான் தண்ணிய விக்கல தாயி, நெலத்தைத்தான் வித்தேன்" என்று என்னிடம் சொன்னார். எனக்கு அந்த வார்த்தை மறக்கவே இல்லை. அவர் சொன்னது உண்மைதான் என்று நிரூபிக்க எங்களுக்கு இரண்டரை வருடம் ஆனது.

முதல் தப்பு மூன்றாவது நாளே நடந்தது. ஊர்ப் பையன்கள் ஐந்து பேர் இரவோடு இரவாகப் போய்க் குழாயை அறுத்தார்கள். ஒரு நாள் தண்ணீர் வந்தது, எல்லாருக்கும் சந்தோஷம். மறுநாள் புது இரும்புக் குழாய் வந்தது, கேமரா வந்தது, ஐந்து பேர் மேலும் வழக்குப் பதிவானது. அதில் ஒரு பையன் துபாய் போக பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருந்தான். காவல் துறை விசாரணையில் வழக்கு இருக்கிறது என்று வந்து நின்றுவிட்டது. அதைவிடப் பெரிய நஷ்டம், அதற்குப் பிறகு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் "குழாயை உடைச்ச ஊர்தானே?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். கோபம் நியாயம்தான். ஆனால் கோபத்தோடு மேலே ஏறுவதற்கு முன் ஒரு மனுவை எழுதி, தேதியோடு முத்திரை வாங்கி வைத்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

இரண்டாவது தப்பு, மே 1 கிராம சபையில் போட்ட தீர்மானம். "எங்கள் ஊருக்கு ரிசார்ட் வேண்டாம்" என்று ஒரே வரி. 200 பேர் கையெழுத்து. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அதை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியும் ஒன்றும் செய்ய முடியாது. எந்தப் புல எண் (சர்வே நம்பர்), எந்த ஊற்று, யாருடைய நிலம், என்ன விதி மீறல், என்ன நடவடிக்கை வேண்டும், எதுவுமே அதில் இல்லை.

பக்கத்து ஊரில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவரிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "தண்ணி கொறஞ்சிருச்சுங்கிறியேம்மா, எவ்வளவு கொறஞ்சிருக்கு?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. "ரொம்ப" என்றோம், "பாதி" என்றோம். அளந்து பார்த்ததே இல்லை. தலைமுறை தலைமுறையாகக் குடித்த தண்ணீருக்கு எங்களிடம் ஒரு வரிக் கணக்கு கிடையாது.

அவர் சொல்லிக்கொடுத்த முறை மிகச் சுலபம். ஊற்றுக்குக் கீழே, எங்கள் ஓஸ்கள் தொடங்குவதற்கு மேலே, ஓடை குறுகும் இடத்தில் கல்லும் களிமண்ணும் வைத்து அடைத்து, ஒரு தகரத்தை மூக்கு மாதிரி வளைத்துச் செருகினோம். மொத்தத் தண்ணீரும் அந்த மூக்கு வழியாகத்தான் விழ வேண்டும். அதற்குக் கீழே 15 லிட்டர் பிளாஸ்டிக் குடம். லிட்டர் படியால் ஊற்றி, 15 வந்த இடத்தில் குடத்தில் சிவப்புக் கோடு போட்டோம். செல்போனில் நொடி பார்க்க வேண்டியது. மூன்று முறை பிடித்து நடுவில் வருவதை எழுத வேண்டும். கூடவே, வீட்டு மொட்டை மாடியில் நேர் பக்கம் கொண்ட ஒரு டின்னை வைத்து, தினமும் காலை எட்டரைக்கு ஸ்கேலால் மழை அளவு. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதினோம்: தேதி, நேரம், நொடி, மழை, மோட்டார் சத்தம் கேட்கிறதா இல்லையா, அளந்தவர் கையெழுத்து.

என் கொழுந்தன் மகள் அப்போது பத்தாம் வகுப்பு. வாரத்தில் மூன்று நாள் அவள்தான் அளப்பாள். நோட்டின் அட்டையெல்லாம் சேறு, சில பக்கங்களில் அட்டைப்பூச்சி ரத்தக் கறைகூட இருக்கிறது. அந்த நோட்டு இல்லையென்றால் இன்று எங்களுக்கு ஒன்றுமே இல்லை.

2024 மாசியில் கணக்கு இப்படி வந்தது. மோட்டார் ஓடாத நேரம் குடம் நிறைய 20 நொடி. ஓடும்போது 75 நொடி. 20 நொடி என்றால் நிமிடத்துக்கு 45 லிட்டர், ஒரு நாளைக்கு 64,800 லிட்டர். 75 நொடி என்றால் நாளைக்கு 17,280 லிட்டர்தான். வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று அரசே வைத்திருக்கிறது. 360 பேருக்கு 19,800 லிட்டர். அதாவது மோட்டார் ஓடினால், மாடு கன்றுக்கு ஒரு சொட்டு கொடுக்காவிட்டாலும், மனுசருக்கே பற்றாது. "ரொம்பக் கொறஞ்சிருச்சு" என்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அலுவலக மேசையில் நேராகப் பார்த்தேன். அதுவரை தலை நிமிராதவர்கள் பேனாவை எடுத்தார்கள்.

இன்னொரு சாட்சியும் கிடைத்தது, நாங்கள் தேடாமலேயே. மின் வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒரு நாள் முழுக்க கரண்டை நிறுத்தும், முன்கூட்டியே அறிவிப்பும் வரும். அந்த ரிசார்ட்டின் ஜெனரேட்டர் காட்டேஜ்களுக்கு மட்டும்தான், மோட்டாருக்கு இல்லை. அந்த நாளில் காலை எட்டு மணியிலிருந்து மணிக்கு ஒரு தடவை அளந்தோம். எட்டு மணிக்கு 73 நொடி. ஒன்பதுக்குக் கரண்ட் போனது. பத்துக்கு 41. பதினொன்றுக்கு 26. பன்னிரண்டுக்கு 20. மாலை கரண்ட் வந்து ஒரு மணி நேரத்தில் மறுபடி 70. மழை இல்லாததால்தான் தண்ணீர் இல்லை என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த ஒரு பக்கம் பதில் சொன்னது. மூன்று மாதம் மூன்று மின்தடை நாளிலும் இதே மாதிரி அளந்து வைத்தோம்.

அடுத்தது காகிதம். இதில்தான் எனக்கு நெஞ்சு பதறியது. நிலப் பதிவேட்டைத் தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் காசு கொடுக்காமல் பார்க்கலாம். நிலம் யாருடையது என்று சொல்லும் அ பதிவேடு, புல வரைபடம் இரண்டும் கிடைக்கும். புல எண் போட்டுப் பார்த்தால் ஓடை இரட்டைக் கோடாக இருக்கிறது, அரசுப் புறம்போக்கு. ஆனால் அந்தக் கோடு ஊற்றிலிருந்து தொடங்கவில்லை. 100 அடி கீழேதான் தொடங்குகிறது. ஊற்று எந்த வரைபடத்திலும் இல்லை! அளந்தவர்கள் மழை இல்லாத மாதத்தில் வந்திருப்பார்களோ, சோலைக்குள் போகாமல் விட்டார்களோ. ஊற்று இருக்கும் இடம் பெரியப்பா விற்ற பட்டாவுக்கும் புறம்போக்குக்கும் எல்லையில் வருகிறது. ஒரு பத்தடி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் 90 வீட்டுத் தண்ணீர் தொங்கிக்கொண்டிருந்தது.

தயவுசெய்து இதை மட்டும் இந்த வாரமே செய்துவிடுங்கள். உங்கள் ஊர் ஊற்றுக்கு மேலே நின்று, அது எந்தப் புல எண்ணில் வருகிறது, வரைபடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பக்கத்து நிலம் கைமாறுவதற்கு முன்பே நில அளவைக்கு மனுக் கொடுங்கள். கைமாறிய பிறகு கொடுத்தால் அது தகராறு. முன்பே கொடுத்தால் வெறும் அளவை.

பழைய ஆவணம் தேடினோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போட்டால், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். நான் முதலில் போட்ட மனுவில் "எங்கள் ஊர்த் தண்ணீர் பற்றிய எல்லா விவரமும் வேண்டும்" என்று எழுதியிருந்தேன். கேள்வி தெளிவாக இல்லை என்று திரும்பி வந்தது. இரண்டாவது தடவை வாத்தியார் எழுதச் சொன்னது: எங்கள் ஊர்ப் பழைய தண்ணீர்த் தொட்டி கட்டிய வேலையின் மதிப்பீடு, அதன் வரைபடம், நீர் ஆதாரம் என்று காட்டிய இடம், இவற்றின் நகல். நாற்பது நாள் ஆனது, மேல்முறையீடும் போட வேண்டியிருந்தது. ஆனால் வந்தது. 1987-ல் தொட்டி கட்டியபோது போட்ட மதிப்பீடு. பழுப்பேறிய தாளின் நகல். அதில் கையால் வரைந்த படம், சோலை, ஒரு சின்ன வட்டம், பக்கத்தில் "ஊற்று". அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அந்த வட்டத்துக்குச் சட்டத்திலும் மதிப்பு இருக்கிறது. 1882-ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டத்தில், தனியார் நிலத்தில் 20 வருடம், அரசு நிலத்தில் 30 வருடம் தடையில்லாமல் வெளிப்படையாகத் தண்ணீர் எடுத்து வந்தால் அது உரிமையாகும் என்று இருக்கிறது. 1987 என்பது 30-ஐயும் தாண்டிவிடுகிறது.

கட்டட அனுமதியையும் கேட்டு வாங்கினோம். எங்கள் வருவாய்க் கிராமம் ஹாக்கா பட்டியலில் இருக்கிறது. 1990-ல் அரசு அமைத்த மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தைத்தான் எல்லாரும் ஹாக்கா என்கிறார்கள். அந்தப் பட்டியலில் உள்ள கிராமத்தில் ஊராட்சி கையெழுத்தோடு மட்டும் விடுதி கட்டிவிட முடியாது, பல துறைகளின் தடையின்மைச் சான்று வேண்டும். வந்த பதிலில் ஒரே ஒரு குடியிருப்பு வீட்டுக்குத்தான் அனுமதி இருந்தது. மீதி எதற்கும் காகிதம் இல்லை. கொடைக்கானல் நகரில் வீடு என்று அனுமதி வாங்கி விடுதியாக நடத்திய எத்தனையோ கட்டடங்களை உயர்நீதிமன்றம் சொல்லி 2019-ல் பூட்டி முத்திரை வைத்தார்களே, அதே வழிதான்.

இது புதிதும் இல்லை. 1990-களில் கொடைக்கானலில் விதியை மீறி ஏழு மாடிக்கு எழும்பிய பிளசண்ட் ஸ்டே ஓட்டலுக்கு அரசு விலக்கு கொடுத்தபோது, பழனி மலைப் பாதுகாப்புக் கழகம் என்ற உள்ளூர் அமைப்புதான் நீதிமன்றம் போனது. 1995-ல் உயர்நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது, உச்ச நீதிமன்றத்திலும் அது நின்றது. நீலகிரியில் சீகூர் யானை வழித்தட வழக்கில் 2018-ல் ரிசார்ட்டுகளை மூடச் சொன்ன உச்ச நீதிமன்றம், 2020 அக்டோபரில் வழித்தடத்தை அறிவித்த அரசாணை செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. "பணக்காரங்கள ஒண்ணும் பண்ண முடியாது" என்று ஊரில் யாராவது சொன்னால் நான் இந்த இரண்டையும்தான் சொல்வேன்.

கழிவுநீர் விஷயத்தை நாங்கள் யோசிக்கவே இல்லை. காட்டேஜ்களின் கழிவுநீர்க் குழி ஊற்றுக்கு மேல்புறம். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது, வாடையும் இல்லை. ஊராட்சியில் கள நீர்ப் பரிசோதனைப் பெட்டி இருக்கிறது, அதில் மகளிர் குழுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், அதில் நானும் ஒருத்தி. கிருமி பார்க்க ஒரு குட்டி பாட்டில் தருவார்கள். தண்ணீரை ஊற்றி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். கறுப்பானால் மலக்கிருமி இருக்கலாம் என்று அர்த்தம். அடுப்பங்கரைப் பரணில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் சாயங்காலம் எடுத்தால் மை ஊற்றினது போலிருந்தது. அந்தத் தண்ணீரைத்தான் காய்ச்சாமல் பால்வாடிக் குழந்தைகளும் குடித்தார்கள். பாட்டிலை மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்பும் தண்ணீரோடு சேர்த்து எடுத்துப் போனேன். அன்றிலிருந்து ஊரில் எல்லாரும் காய்ச்சித்தான் குடிக்கிறோம். உங்கள் ஊற்றுக்கு மேலே ஒரு கக்கூஸ் குழி வந்தாலும் போதும், உடனே பரிசோதனை செய்யுங்கள். கண்ணுக்குத் தெளிவாக இருப்பதை நம்பாதீர்கள்.

2024 ஆகஸ்ட் 15 கிராம சபையில் இரண்டாவது தீர்மானம் போட்டோம். இந்த முறை ஒன்றரைப் பக்கம். புல எண், 1987 வரைபடம், அளவு நோட்டின் சுருக்கம், ஆய்வக முடிவு எல்லாம் உள்ளே. கேட்டது மூன்றே மூன்று: ஊற்றை நில அளவை செய்து பதிவேட்டில் ஏற்றுவது, புறம்போக்கில் உள்ள உறையையும் மோட்டாரையும் அகற்றுவது, அனுமதியில்லாத கட்டடங்கள் மேல் நடவடிக்கை. "ரிசார்ட் வேண்டாம்" என்ற வார்த்தையே அதில் இல்லை. பையன்களுக்குக் கோபம். "சின்னம்மா, பயந்துட்டீங்களா?" என்று கேட்டார்கள். பயமில்லை. அங்கே எங்கள் ஊர்க்காரர்கள் பதினொரு பேர் வேலை பார்க்கிறார்கள், அதில் நான்கு பேர் கணவன் இல்லாத பெண்கள். அவர்கள் கையெழுத்துப் போடவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ரிசார்ட்டில் என்ன நடக்கிறது என்று அவர்களிடம் ஒரு வார்த்தை விசாரிக்கவும் கூடாது என்று குழுவில் முடிவெடுத்தோம். இதைப் பலர் தவறு என்பார்கள். ஒரு ஊருக்குள் தண்ணீர் கேட்டுப் போராடுகிறவர்கள் இன்னொருவர் அடுப்பை அணைக்கக் கூடாது என்பதில் நான் இன்றும் உறுதியாக இருக்கிறேன்.

நீதிமன்றத்தில் நாங்கள் இழந்தது ஒன்று உண்டு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இப்படிப்பட்ட சுற்றுச்சூழல் தகராறில் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், சரியான காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். எங்களுக்கு இது தெரியவந்தபோது ஒரு வருடம் தாண்டிவிட்டது. எனவே முதல் நாள் தேதியை எழுதி வையுங்கள், அன்றிலிருந்து நாள் ஓடுகிறது.

உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனோம். வக்கீல் செலவுக்கு எங்கே போவது என்று யோசித்தபோதுதான், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு என்பது தெரிந்தது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும்கூட அப்படித்தான். எங்கள் மனு ஆறு பெண்கள் பெயரில் போனது. உடனே ரிசார்ட்டை மூடச் சொல்வார்கள் என்று ஊர் நினைத்தது. நீதிமன்றம் சொன்னது, எங்கள் மனுவை அதிகாரிகள் 12 வாரத்துக்குள் விசாரித்து முடிவெடுக்க வேண்டும் என்பதுதான். ஏமாற்றமாக இருந்தது. ஆனால் இரண்டு வருடம் அசையாத கோப்பு அந்த ஒரு தாளால் அசைந்தது. அந்த உத்தரவு கிடைக்கவும், முத்திரையோடு ஒப்புகை வாங்கி வைத்திருந்த பழைய மனுக்கள்தான் காரணம். திண்டுக்கல்லுக்குத் திங்கட்கிழமை குறைதீர் நாளுக்குப் போய்வர ஒரு முழு நாளும் ஒரு நாள் கூலியும் போகும். "சும்மா போய்ட்டு வர்றதுதானே" என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த ரசீதுக்காகவாவது போங்கள்.

2025 பங்குனியில் கூட்டுத் தணிக்கைக்கு வந்தார்கள். வருவாய், வனம், நில அளவை, எல்லாரும். ரிசார்ட் தரப்பில் வந்தவர் ஒரு கேள்வி கேட்டார்: "குடிக்கத் தண்ணியில்லேங்கிறாங்க. கீழ எண்ணிப் பாருங்க சார், 14 ஓஸ் கேரட் தோட்டத்துக்குப் போகுது." எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். அவர் சொன்னது பொய்யில்லை. அதில் ஒன்று என்னுடையது.

அன்று இரவு ஊர்ப் பொது மந்தையில் கூட்டம். நிறையச் சத்தம். முடிவில், ஊர்த் தொட்டி நிரம்பி வழிந்த பிறகுதான் தோட்டத்துக்கு என்று ஒத்துக்கொண்டோம். வழிந்தோடும் குழாயில்தான் இனி 14 ஓஸும் மாட்ட வேண்டும். கோடையில் தோட்டத்துக்கு முறை வைத்து ராத்திரியில் மட்டும். இரண்டு பேர் அந்த வருடம் கேரட் போடாமல் விட்டார்கள், அதில் ஒருவர் பெரியப்பாவின் மகன். இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதற்கு அப்புறம்தான் எங்கள் பேச்சுக்கு ஒரு கனம் வந்தது என்று நினைக்கிறேன். இதை இரண்டு வருடம் முன்பே செய்திருக்க வேண்டும்.

நில அளவையில் ஊற்று புறம்போக்குப் பக்கம் வந்தது, ஏழு அடி உள்ளே. 1905-ஆம் வருடத்து நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் அறிவிப்புக் கொடுத்து உறையையும் மோட்டாரையும் எடுத்தார்கள். காட்டேஜ்கள் விவகாரம் இன்னும் வழக்கில் இருக்கிறது. கழிவுநீர்க் குழியை மாற்ற உத்தரவாகியிருக்கிறது, மாற்றவில்லை. ரிசார்ட் இப்போது லாரித் தண்ணீர் வாங்குகிறது. அந்த லாரி எந்த ஊர் ஓடையிலிருந்து வருகிறதோ என்ற கவலை எனக்கு உண்டு. மலைக்கு வரும் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு வந்தபோது, பிறகு கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று நீதிமன்றம் வரம்பு வைத்தபோது, ஊரில் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். ஆனால் வண்டியை எண்ணினால் போதாது. ஒரு மலை எத்தனை பேருக்குத் தண்ணீர் தரும் என்று யாராவது எண்ண வேண்டும்.

வெளியூர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சோலையும் அதைச் சுற்றிய புல்வெளியும் மழையை வாங்கிப் பஞ்சுபோல் வைத்துக்கொண்டு மாசி பங்குனியில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். புல்வெளியில் வாட்டில், யூக்காலி என்ற வெளிநாட்டு மரங்களை நட்டபோதே பாதி ஊற்று போனது. மீதியின் தலையில் இப்போது பொக்லைன் நிற்கிறது. இந்த மலையின் வடக்குச் சரிவுத் தண்ணீர் வரதமாநதிக்கும் குதிரையாற்றுக்கும் பாலாறு-பொருந்தலாற்றுக்கும் போகிறது, தெற்குச் சரிவில் மஞ்சளாறு வழியாக வைகைக்கு. கீழே பழனிப் பக்கமும் வத்தலக்குண்டுப் பக்கமும் நெல் போடுகிறவர்களுக்கும் இது சொந்தப் பிரச்சினைதான். மலைக்கு வந்து தங்கினால், அறை எடுக்கும் முன் "தண்ணி எங்கிருந்து வருது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் தங்காதீர்கள்.

நோட்டு இப்போது மூன்றாவது. கொழுந்தன் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குப் போய்விட்டாள், அவள் தம்பி அளக்கிறான். குடத்தின் சிவப்புக் கோடு அழிந்து போனதால் போன வாரம் மறுபடி போட்டோம். இன்று காலை ஆறு மணி: 22 நொடி, மழை இல்லை, மோட்டார் சத்தம் இல்லை.